பூவிடம் சென்ற கமரா: காட்டுப்பூ ஒளிப்படத்தின் வரலாறு

ஒளிப்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மனித முகங்களையும் போர்க்களங்களையும் மாநகரங்களையும் பற்றியே எழுதுகின்றனர். பூக்களுக்கு அந்த வரலாற்றில் ஓரமான இடமே கிடைக்கிறது. நான் பணியாற்றிய காலத்துப் பத்திரிகை அலுவலகங்களிலும் பூப்படம் என்பது செய்தி குறைந்த நாளில் பக்கத்தை நிரப்பும் ஒரு பொருளாகவே கருதப்பட்டது. அதிலும் வீட்டுத் தோட்டத்து ரோசாவுக்கும் அந்தூரியத்துக்கும் கிடைத்த இடம், தெருவோரத்துத் தும்பைக்கும் பற்றைக்காட்டுக் கார்த்திகைப்பூவுக்கும் கிடைத்ததில்லை.

ஆயினும் உண்மை வேறு. ஒளிப்படம் என்ற தொழில்நுட்பம் உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலத்திலேயே அதன் முன் வைக்கப்பட்ட பொருட்களில் செடியும் இலையும் பூவும் இருந்தன. அவற்றைப் பதிவு செய்த ஒளியும் சூரிய ஒளியே. அன்றிலிருந்து இன்றுவரை நீளும் காட்டுப்பூ ஒளிப்படத்தின் கதையை ஒரே வாக்கியத்தில் சொல்வதானால் இவ்வாறு சொல்லலாம்: முதலில் பூவைப் பறித்து ஒளியிடம் கொண்டு சென்றார்கள், பின்னர் கமராவைத் தூக்கிக்கொண்டு பூ நின்ற இடத்துக்கே சென்றார்கள். இந்த மாற்றம் நிகழ ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அது முழுமை பெற்றுவிட்டதா என்ற கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது.

கமரா இல்லாத முதற்படங்கள்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் லேக்கொக் அபே என்ற மாளிகையில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டால்பொட் 1834ஆம் ஆண்டில் தமது பரிசோதனைகளைத் தொடங்கினார். உப்புக் கரைசலும் வெள்ளி நைத்திரேற்றும் பூசிய தாளின்மேல் இலையையோ பூவையோ கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தார். வெயில் பட்ட இடம் கறுத்தது. செடி மறைத்த இடம் வெளுப்பாக நின்றது. இதற்குக் கமரா தேவைப்படவில்லை. பிரான்ஸில் டாகர் என்பவரின் கண்டுபிடிப்பு 1839 ஜனவரியில் அறிவிக்கப்பட்டதும் டால்பொட்டும் விரைந்து அதே மாதத்தில் தமது முறையை லண்டன் அறிஞர் சபையில் அறிவித்தார்.

டால்பொட் தாவரவியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே தமது புதிய கலை தாவரவியலாளருக்குப் பயன்படுமா என்று அறிய அவர் விரும்பினார். அதே 1839ஆம் ஆண்டு, அப்போது கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்தவரும் 1841இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளரானவருமான வில்லியம் ஜாக்சன் ஹூக்கருக்கு ஒரு படத்தை அனுப்பினார். அது பிரித்தானியாவின் ஈரநிலங்களில் தானாக வளரும், வெளிர்நீல மணி போன்ற பூவையுடைய ஒரு சிறு காட்டுச்செடியின் படம்.

ஹூக்கரின் மறுமொழி மரியாதையாகவும் நேர்மையாகவும் இருந்தது. படம் பொதுத் தோற்றத்தில் அழகாக இருக்கிறது; ஆனால் பூவின் புடைப்பும், புல்லிவட்டமும், இலையின் நரம்புகளும் தெளிவாக வெளிப்படவில்லை என்று அவர் எழுதினார். காட்டுப்பூ ஒளிப்படம் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விமர்சனங்களுள் இது ஒன்று. அதன் சாரம் இன்றைக்கும் பொருந்தும். பூ என்பது ஒரு வடிவக்கோடு மட்டுமன்று. அதற்கு உடல் உண்டு, ஆழம் உண்டு. அழுத்தி வைத்த பூவால் அவற்றைக் காட்ட முடியாது.

மூன்று ஆண்டுகளின் பின்னர், 1842இல், வானியலாளர் சேர் ஜோன் ஹேர்ஷல் இரும்பு உப்புக்களைக் கொண்டு நீலநிறப் படங்களை உருவாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் வேறொரு பரிசோதனையையும் அவர் வெளியிட்டார். பூவிதழ்களை அரைத்துச் சாறெடுத்துத் தாளில் பூசி வெயிலில் வைத்தால் வெயில் பட்ட இடம் வெளுத்து, நிழல் விழுந்த இடத்தில் நிறம் நிற்கும். ஒரு படம் உருவாக நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் செல்லும். பூவின் நிறமே படத்தின் மையாக அமைந்த இம்முறை நிலைக்கவில்லை. பார்ப்பதற்காக வெளிச்சத்தில் வைத்தால் அந்தப் படமே மெல்ல மறைந்துவிடும்.

ஹேர்ஷலின் நீலப்பட முறையை நூலாக்கியவர் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி. 1799இல் பிறந்த இவர், பிரித்தானியக் கடற்பாசிகளைத் தாளில் வைத்து வெயிலில் பதித்து 1843இல் வெளியிடத் தொடங்கிய தொகுதிகளே ஒளிப்படங்களால் அமைந்த முதல் நூலாக இன்று மதிக்கப்படுகின்றன. பின்னர் தோழி ஆன் டிக்சனுடன் சேர்ந்து 1853, 1854ஆம் ஆண்டுகளில் பன்னங்களையும் பூக்குந் தாவரங்களையும் இதே முறையில் பதிவு செய்தார். ஆழ்ந்த நீலத்தின்மேல் வெள்ளைச் சித்திரமாக நிற்கும் அச்செடிகளைப் பார்ப்பவர்கள், அவை இங்கிலாந்தின் மங்கலான வெயில் தீட்டிய படங்கள் என்பதை எளிதில் நம்பமாட்டார்கள். ஆனால் அங்கும் செடி பறிக்கப்பட்டு அழுத்தப்பட்டதே. எல்லாப் பூவும் ஒரே நீலத்தில் வெள்ளை நிழலாகவே நின்றது.

மஞ்சளைக் காணாத தகடு

கமராவைப் பூவுக்கு முன்னால் வைக்கும் காலம் வந்தபோது புதியதொரு சிக்கல் தோன்றியது. 1851இல் அறிமுகமான கொலோடியன் ஈரத்தகடு கூர்மையான படங்களைத் தந்தது. ஆனால் அதன் பார்வை குறைபாடுடையது. நீலத்தையும் ஊதாவையும் மாத்திரமே அது நன்கு உணர்ந்தது. பச்சையை மங்கலாகவே உணர்ந்தது. மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டு.

பத்திரிகை அலுவலகத்து இருட்டறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அங்கே சிவப்பு விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் படப்பிடிப்பாளர் தாளைத் தட்டில் போட்டு அசைத்துக்கொண்டிருப்பார். மெல்ல மெல்ல உருவம் எழும். சிவப்பு வெளிச்சத்தில் அந்தத் தாள் பழுதாகாமல் இருப்பதற்குக் காரணம், சிவப்பு என்பதே அதன் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். முதல் இருபது, முப்பது ஆண்டுகளின் ஒளிப்படத் தகடுகள் அத்தனையும் இத்தகைய கண்ணையே கொண்டிருந்தன.

இதன் விளைவைக் காட்டுப்பூக்களில் வைத்துப் பார்ப்போம். நீலநிறக் காக்கணம்பூ வெள்ளைப்பூவாகப் பதியும். ஆவாரம்பூவின் பொன்மஞ்சள் கரிய திட்டாக மாறும். நம் கார்த்திகைப்பூவின் நிலை இன்னும் மோசம். மஞ்சள் அடியும் சிவப்பு நுனியும் கொண்ட அதன் இதழ்கள் முழுவதும் கறுத்து, சுற்றியுள்ள இலைகளோடு கலந்து மறைந்துவிடும். கண்ணுக்குத் தீச்சுடராகத் தெரிந்த பூ, தகட்டில் இல்லாமற் போய்விடும். நேர்மையான சூரிய ஒளியில் எடுத்த படம் பொய்யைச் சொல்லிற்று. குற்றம் ஒளியினுடையதன்று, தகட்டினுடையது.

தாவரவியலாளர் நெடுங்காலம் ஒளிப்படத்தை நம்பாமல் ஓவியரின் கையையே நம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இலங்கையிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி டிரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரவியற் கைந்நூலுக்குத் துணையாக அமைந்தவை வரையப்பட்ட வண்ணப் படங்களே. ஒளிப்படம் பிறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்த காலம் அது. பேராதனையில் பல்லாண்டுகள் தாவரங்களை வரைந்த டி அல்விஸ் குடும்பத்துச் சிங்கள ஓவியர்களின் கை, அன்றைய எந்தக் கமராவையும்விட உண்மையாகப் பேசிற்று.

தகட்டின் குருட்டுத்தன்மைக்கு மருந்து கண்டவர் பேர்லினைச் சேர்ந்த வேதியியலாளர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல். குறிப்பிட்ட சில சாயங்களைக் கலந்தால் தகடு பச்சையையும் மஞ்சளையும் உணரத் தொடங்குகிறது என்பதை 1873இல் அவர் கண்டறிந்தார். 1880களில் அத்தகைய தகடுகள் விற்பனைக்கு வந்தன. சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகட்டை 1906இல் இங்கிலாந்தின் ரேட்டன் அன்ட் வெயின்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு சிவந்த காட்டுப்பூ தனக்குரிய சாயலோடு தோன்றுவதற்கு, டால்பொட்டின் அறிவிப்பிலிருந்து 67 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

களுத்துறையில் இரு பெண்கள்

அந்தக் காத்திருப்புக் காலத்தின் நடுவே இலங்கையில் நிகழ்ந்த ஒரு சந்திப்பை இங்கு கூறாமல் செல்ல முடியாது. கல்கத்தாவில் 1815இல் பிறந்து, இங்கிலாந்தில் புகழ்பெற்ற உருவப்பட ஒளிப்படக்காரராக விளங்கிய ஜூலியா மார்கிரட் கெமரன், 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறினார். செயற்கை விளக்கின்றி, சாளரத்தினூடாக வரும் பகலொளியைக் கொண்டே முகங்களுக்கு உயிர் கொடுத்தவர் அவர். இங்கே களுத்துறைக் கிராமத்து மக்களை அவர் எடுத்த படங்களில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. 1879 ஜனவரியில் காலமான அவரது கல்லறை பொகவந்தலாவைத் தேவாலய வளவில் இருக்கிறது.

1877இல் களுத்துறையிலிருந்த அவரது வீட்டுக்கு மரியான் நோர்த் என்ற ஓவியர் வந்தார். உலகெங்கும் தனியே பயணம் செய்து, தாவரங்களை அவை வளரும் இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர் நோர்த். கெமரன் அவரைப் படமெடுக்க முனைந்த காட்சியை நோர்த் தமது நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையோடு விவரித்துள்ளார். சால்வை போர்த்தி, கூரிய தென்னோலைகள் தலையில் குத்த நிற்க வைத்து, இலையிடையே நண்பகல் வெயில் கண்ணில் விழுந்து கூசும் நிலையில் இயல்பாக இருக்கும்படி கெமரன் கட்டளையிட்டாராம். அப்போது வெப்பமானி 96 பாகை பரனைற் காட்டிற்று.

இந்தச் சந்திப்பில் ஒரு வரலாற்று முரண் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. அவ்விருவரில் கமராவைக் கையாளத் தெரிந்தவர் மனிதரையே நாடினார். செடியை நாடியவர் தூரிகையையே நம்பினார். வெப்பவலயத்துச் செம்மலர்களையும் பொன்மலர்களையும் பதிவு செய்ய அன்றைய தகட்டால் இயலாது; தூரிகையால் இயலும். ஆனால் ஒன்றில் நோர்த் தமது காலத்து ஒளிப்படக்காரர்களை முந்தினார். பூவைப் பறித்து வெள்ளைத்தாளில் கிடத்தாமல், மலையும் நீரும் பூச்சியும் புல்லும் சூழ அது வாழும் நிலையில் தீட்டினார். 1882இல் கியூ பூங்காவில் திறக்கப்பட்ட அவரது காட்சிக்கூடத்தில் 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இன்றும் சுவரை நிறைத்து நிற்கின்றன. பின்னாளில் ஒளிப்படம் செல்ல வேண்டிய வழியைத் தூரிகை முன்னரே காட்டிவிட்டது என்றால் மிகையாகாது.

பறித்தவரும் திருப்பி நட்டவரும்

கறுப்பு வெள்ளைக் காலத்தின் இரு பெரும் காட்டுச்செடி ஒளிப்படக்காரர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. இருவரும் இயற்கை ஒளியையே நம்பியவர்கள். ஆனால் செடியை நடத்திய விதத்தில் வேறுபட்டவர்கள்.

ஒருவர் ஜேர்மனியரான கார்ல் புளொஸ்ஃபெல்ட் (1865–1932). பேர்லின் கலைத்தொழிற் பாடசாலையில் ஆசிரியராயிருந்த அவர், மாணவர்களுக்கு வடிவமைப்பைக் கற்பிப்பதற்காகத் தெருவோரங்களிலும் புகையிரதப் பாதைக் கரைகளிலும் வளர்ந்த களைச்செடிகளைச் சேகரித்தார். தாமே அமைத்த கமராவால், மென்மையான பகலொளியில், வெறுமையான பின்னணிக்கு முன்னால் அவற்றைப் பன்மடங்கு பெருப்பித்துப் படமெடுத்தார். 1928இல் வெளியான அவரது நூலின் 120 படங்களும் உலகை வியக்க வைத்தன. சுருண்ட பன்னத்தளிர் ஆயரின் கைக்கோலாகவும், தண்டு கோபுரத் தூணாகவும் தோன்றின. ஆனால் அவரது செடிகள் வெட்டப்பட்டவை. வேண்டாத இலைகள் களையப்பட்டவை. அவர் தேடியது வடிவத்தை; செடியின் வாழ்க்கையை அன்று.

மற்றவர் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தவரான எட்வின் ஹேல் லிங்கன் (1848–1938). உள்நாட்டுப் போரில் சிறுவனாக முரசடிப்பவராகச் சென்று மீண்டவர். நியூ இங்கிலாந்துப் பகுதியின் காட்டுப்பூக்களைப் பதிவு செய்வதைத் தமது வாழ்நாட் பணியாக்கிக்கொண்ட அவர், 1910 முதல் 1914 வரை 400 பிளாட்டினம் படிகளைக் கொண்ட தொகுதிகளைத் தாமே வெளியிட்டார். பெரிய தகட்டுக் கமராவைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் அலைந்து காற்றோடு போராடுவதைவிட, செடியை வேரோடும் மண்ணோடும் மெல்லப் பெயர்த்துத் தமது படப்பிடிப்பறைக்குக் கொண்டுவந்து, பூ முழுமையாக மலரும்வரை காத்திருந்து, பகலொளியில் படமெடுப்பார். அதன் பின்னர் அச்செடியை எடுத்த இடத்திலேயே மீண்டும் நட்டுவிடுவார்.

லிங்கனின் படங்களில் செயற்கை அலங்காரம் கிடையாது. ஒரு செடி, அதன் தண்டு, இலை, மொட்டு, பூ. அதன்மேல் பக்கவாட்டில் விழும் அமைதியான ஒளி. அவ்வளவே. ஹூக்கர் 1839இல் காணவில்லை என்று குறைபட்ட புடைப்பும் நரம்பும் இங்கே தெளிவாக நிற்கின்றன. அத்துடன் புதியதொரு எண்ணமும் அவரது செயலில் வெளிப்பட்டது. படம் கிடைத்தவுடன் செடியின் மீதான தமது உரிமை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் அது.

தமிழருக்கு இது சிந்திக்கத்தக்க விடயம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன என்பதை நாம் பெருமையோடு சொல்வதுண்டு. அவ்வரிசையின் தலையில் நிற்பது செங்காந்தள். அதுவே நம் கார்த்திகைப்பூ. ஆனால் அந்தத் தொண்ணூற்றொன்பதும் தலைவியும் தோழியும் பறித்து வந்து பாறையில் குவித்த பூக்கள். பூவைப் பெயரிட்டு அறியவும் நிலத்தோடு இணைத்து எண்ணவும் தெரிந்த மரபு நம்முடையது. பறிப்பதைக் கேள்விக்குள்ளாக்க வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை, காடு பரந்திருந்தது. இன்று அவ்வாறு சொல்ல முடியாது.

வண்ணம் வந்தபோது

பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஓட்டோகுரோம் தகடு, செம்மஞ்சள், பச்சை, நீல ஊதா ஆகிய மூன்று நிறங்கள் ஏற்றப்பட்ட உருளைக்கிழங்கு மாத்துகள்களால் ஆனது. பூவின் நிறம் அன்று முதன்முறையாகச் சாதாரண ஒளிப்படக்காரரின் கைக்கு எட்டிற்று. இங்கிலாந்தில் எசென்ஹை கோர்க் வண்ணத்தில் எடுத்த காட்டுப்பூப் படங்கள் 1911 முதல் தொகுதி தொகுதியாக நூலாயின. வளர்ந்தபடியே காட்டுப்பூக்கள் என்னும் பொருளில் அந்நூலுக்குத் தலைப்பிடப்பட்டது. அத்தலைப்பே காலத்தின் மாற்றத்தைக் காட்டுகிறது.

ஆனால் ஓட்டோகுரோம் மிகவும் மந்தமான தகடு. நல்ல வெயிலிலும் செக்கன் கணக்கில் கமரா திறந்திருக்க வேண்டும். புல்வெளியில் பூ ஒரு செக்கன்கூட அசையாமல் நிற்பதில்லை. எனவே வண்ணம் வந்த பின்னரும் காற்று ஒளிப்படக்காரரின் எதிரியாகவே இருந்தது. 1936இல் 35 மில்லிமீற்றர் வண்ணப் பிலிமாகக் கொடாக்குரோமும், வில்லையினூடாகவே நோக்கும் எக்ஸாக்டா என்ற சிறு கமராவும் சந்தைக்கு வந்தன. மண்டியிட்டு, முழங்கையைத் தரையில் ஊன்றி, பூவின் உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி, தாம் காண்பதையே படமெடுக்க அப்போதுதான் முடிந்தது. கமரா பூவிடம் சென்ற காலம் என்று இதையே நான் கொள்வேன்.

வண்ணப் பிலிமும் முற்றான உண்மையைச் சொல்லிவிடவில்லை. சில நீலப்பூக்கள் நம் கண்ணுக்கு எட்டாத தொலைச்சிவப்பு ஒளியையும் மிகுதியாகத் தெறிக்கச் செய்பவை. கண் அதைக் காணாது; பிலிம் காணும். ஆகவே நீலமாக நின்ற பூ படத்தில் இளஞ்சிவப்பாக வந்து நின்றது. அஜெரட்டம் என்னும் பூவில் இது தெளிவாகத் தெரிந்ததால் அப்பூவின் பெயராலேயே இக்குறை அழைக்கப்பட்டது. பழைய தகடு சிவப்பைக் காணாமல் பொய் சொல்லிற்று. புதிய பிலிம் சிவப்பை மிகையாகக் கண்டு பொய் சொல்லிற்று.

இதற்கிடையே 1930ஆம் ஆண்டையொட்டிப் பிளாஷ் குமிழ்களும், பின்னர் மின்னணுப் பிளாஷும் வந்தன. காற்றை வெல்ல இது எளிய வழி. ஆனால் பிளாஷ் விளக்கின் ஒளி தூரம் கூடக்கூட வேகமாகக் குறைவது. பூவுக்கு அரை அடி தூரத்தில் விளக்கு மின்னினால் பூ பிரகாசிக்கும். பின்னாலுள்ள புல்லுக்கும் மரத்துக்கும் ஒளி எட்டாது. நண்பகலில் எடுத்த படமும் நள்ளிரவுப் படம்போல் கரிய பின்னணியோடு வரும். செடியைப் பறிக்காமலே அதன் நிலத்திலிருந்து பிரித்தெடுக்கும் வேலை இது. இயற்கை ஒளியை விரும்பும் ஒளிப்படக்காரர்கள் பிளாஷை ஒதுக்குவது பழைமைப் பற்றினால் மட்டுமன்று. பூவோடு அதன் இடமும் படத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே.

அமெரிக்கரான எலியட் போர்ட்டர் 1962இல் வெளியிட்ட வண்ணப்பட நூல் இந்நோக்குக்குப் பெரும் வலிமை சேர்த்தது. கடும் வெயிலைவிட மேகமூட்டத்தின் அடக்கமான ஒளியையே அவர் பெரிதும் நாடினார். சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அந்நூலை வெளியிட்டது. காட்டுத்தரையின் சிறு செடியும் பாதுகாக்கப்பட வேண்டிய காட்டின் அங்கமே என்பதை நகரத்து வாசகரின் கூடத்து மேசைக்கே அது கொண்டு சென்றது.

வெயிலின் குணம்

இயற்கை ஒளி என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஒன்றல்ல. நண்பகல் வெயில் நேர்மேலிருந்து விழுந்து இதழைச் சுட்டு, அடியில் கருநிழலைத் தள்ளும். தும்பை போன்ற வெண்பூக்கள் அந்த வெயிலில் வெறும் வெளிச்சத் திட்டாகி, இதழின் மடிப்பெல்லாம் அழிந்துபோகும். மேகம் வந்து மூடினால் வானம் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகி, எல்லாப் பக்கத்திலிருந்தும் மெல்லிய ஒளி வரும்; நிறங்கள் தம் இயல்பில் நிற்கும். மரநிழலில் எடுத்தால் நீலவானின் ஒளி மாத்திரமே விழுவதால் வெள்ளைப்பூவும் நீலம் பாரித்துத் தோன்றும். காலையில் பூவுக்குப் பின்னாலிருந்து வரும் சாய்வெயில் இதழை ஊடுருவி, அதன் நரம்பை எல்லாம் விளக்கேற்றியதுபோல் காட்டும். அதிகாலையில் காற்றும் அடங்கியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பூக்களுக்கே நேரம் தெரியும். தாமரை பகலில் விரியும், அல்லி இரவில் விரியும் என்பதை நம்மவர் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், பூக்கள் விரியும் நேரத்தையும் கூம்பும் நேரத்தையும் கொண்டு ஒரு மலர்க் கடிகாரம் அமைக்கலாம் என 1751இல் எழுதினார். கலிபோர்னியாவின் செம்மஞ்சள் பொப்பி மேகம் மூடினாலே இதழைக் குவித்துக்கொள்ளும். ஆகவே இயற்கை ஒளியில் எடுத்த காட்டுப்பூப் படம் பூவை மட்டும் பதிவு செய்வதில்லை. அது எந்த வேளை, எந்தப் பருவம், எத்தகைய வானம் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறது. செய்திப் படத்துக்குத் திகதியும் இடமும் எவ்வளவு முக்கியமோ, பூப்படத்துக்கு அந்த ஒளியும் அவ்வளவு முக்கியம்.

மூன்று குறிஞ்சிகள்

மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவெல்லாம் பூப்பது தமிழர் அனைவரும் அறிந்தது. 1994, 2006, 2018 ஆகியவை அண்மைக்காலப் பெரும்பூப்பு ஆண்டுகள். இம்மூன்றையும் ஒளிப்பட வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் வியப்பான உண்மை ஒன்று புலப்படும். 1994இல் அங்கு சென்றவர்களின் கையில் பிலிம் கமரா இருந்தது. ஒரு சுருளில் 36 படங்கள், ஒவ்வொன்றுக்கும் செலவு. 2006இல் இலத்திரனியற் கமரா வந்துவிட்டது. 2018இல் ஏறக்குறைய ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் கமராவுள்ள தொலைபேசி இருந்தது. ஒரு குறிஞ்சிக்கும் அடுத்த குறிஞ்சிக்கும் இடையில் ஒரு தொழில்நுட்ப யுகமே மாறிவிட்டது. செடி மட்டும் தன் கணக்கை மாற்றவில்லை. 2006இல் கேரள அரசு குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. 2022இல் திருத்தப்பட்ட இந்திய வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட தாவரப் பட்டியலில் நீலக்குறிஞ்சியும் இடம்பெற்றது. அதன் உறவினமான, சிங்களத்தில் நெலு எனப்படும் செடிகள் 2013இல் எமது ஹோட்டன் சமவெளியில் பெருமளவில் பூத்தபோது அங்கும் கமராக்களோடு மக்கள் திரண்டனர்.

படம் எடுப்பதற்கு இனிப் பூவைப் பறிக்கத் தேவையில்லை. ஆனால் புதிய ஆபத்து வேறு வழியால் வந்தது. 2019 மார்ச்சில் கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் நகரருகே மழைக்குப் பின் பொப்பிப் பூக்கள் மலையை மூடின. சமூக ஊடகங்களில் படங்களைக் கண்ட பல்லாயிரக்கணக்கானோர் தாமும் படமெடுக்கத் திரண்டனர். பாதையை விட்டு விலகிப் பூக்களின் நடுவே நின்றும் படுத்தும் படமெடுத்தவர்களால் செடிகள் மிதிபட்டன. நெரிசலைத் தாங்காமல் நகர நிர்வாகம் அப்பகுதியைத் தற்காலிகமாக மூடிற்று. 2023இல் மீண்டும் பூத்தபோது முன்கூட்டியே மூடிவிட்டது.

இதற்கு நேரெதிரான கதை இங்கிலாந்தில் உண்டு. சீமாட்டியின் பாதணி என்ற பொருளில் பெயர்பெற்ற அழகிய ஓர்க்கிட் செடி, பறிப்போராலும் சேகரிப்போராலும் அழிந்துவிட்டதாகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதப்பட்டது. 1930இல் யோர்க்ஷயரில் ஒரேயொரு செடி கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர்கள் இடத்தை வெளியிடவில்லை. பல தசாப்தங்களாக அந்த இரகசியம் காக்கப்பட்டது. பூக்கும் பருவத்தில் காவலும் போடப்பட்டது. பின்னர் விதையிலிருந்து நாற்றுக்கள் வளர்க்கப்பட்டு வேறிடங்களிலும் நடப்பட்டன. செய்தியைச் சொல்வதே தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவனுக்கு இது நெருடலான பாடம். ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டதால் ஓர் உயிரினம் பிழைத்தது.

இன்றைய தொலைபேசிக் கமரா, நாம் அறியாமலே படத்தின் உள்ளே இடத்தின் ஆள்கூறுகளை எழுதிவிடக்கூடியது. அரிய செடியொன்றின் படத்தை அவ்வாறே வலையேற்றினால், சேகரிப்பவனின் கையில் வரைபடத்தைக் கொடுத்ததாகிவிடும். உலகெங்கும் இயற்கை ஆர்வலர் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் இடத்தைப் பல கிலோமீற்றர் பரப்புக்குள் மறைத்துக் காட்டுவது இக்காரணத்தாலேயே.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் பலர் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது படங்களை எடுத்துக் குவிக்கிறார்கள். கோயிலும் கடலும் பனையும் அவற்றில் உண்டு. வேலியோரத்துப் பூவையும் அவ்வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கு முன் எழுந்தால் நல்ல ஒளி இலவசமாகக் கிடைக்கும். பூவின் உயரத்துக்குக் குனிய வேண்டும். அருகிலுள்ள புல்லைப் பிடுங்கிக் காட்சியைத் துப்புரவாக்காமல் இருக்க வேண்டும். முழுச் செடிக்கும் இலைக்கும் ஒரு படம், பூவுக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். பின்னர் அந்த ஊரில் வயதில் மூத்த ஒருவரிடம் அப்பூவின் பெயரைக் கேட்டுத் திகதியோடு எழுதிவைக்க வேண்டும். பெயரும் பயனும் அறிந்த தலைமுறை குறைந்துகொண்டே போகிறது. படத்தை எவரும் எடுத்துவிடலாம். பெயரைச் சொல்லத் தெரிந்தவர் இல்லாமற் போனால் அப்படம் முகமறியாதவரின் படமாகவே எஞ்சும்.

டால்பொட் காலத்தில் பூ வெயிலிடம் சென்றது. நம் காலத்தில் நாம் பூவிடம் செல்கிறோம். சென்றவர் திரும்பிய பின்னரும் பூ அங்கேயே நிற்க வேண்டும் என்பதே லிங்கன் நமக்கு விட்டுச் சென்ற நெறி.